மூப்பரின் பாட்டும் முப்பத்தோராம் நாட் கல்வெட்டும்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், 31ஆம் நாளன்று அவர் பெயராற் கல்வெட்டு ஒன்று வெளிவருதல் வேண்டும் என்பது எழுதாச் சட்டமாய் நிலவுகின்றது. கல்வெட்டு என்றதும் பாறையிற் பொறித்த சாசனத்தை மாணவர் எண்ணற்க. நாலு தாளிலோ நாற்பது தாளிலோ அச்சிட்டு, வந்தோர் கையிற் கொடுக்கும் நினைவு நூலையே நம்மவர் அப்பெயரால் வழங்குவர். அதன் அமைப்பும் நிலைபெற்றுவிட்டது. முதலில் நாட்டுவளம், பின்னர் ஊர்ச்சிறப்பு, குடிப்பிறப்பு, கல்வி, மணம், மக்கட்பேறு, தொழில், அப்பால் திதி வெண்பா, அதன்பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல், இறுதியிலே தேற்றம். இவற்றைப் பண்டிதன் ஒருவன் பாடிக் கொடுத்தல் வேண்டும். யானும் பல ஆண்டுகளாகப் பாடிக் கொடுத்து வருகின்றேன். பெயரையும் திதியையும் மாற்றினால் ஒருவர் கல்வெட்டு மற்றொருவருக்கும் பொருந்தும் என்று கேலி செய்வாரும் உளர். அதிற் பாதி உண்மை உண்டு. அவ்வகைச் செய்யுள் மாண்டவரைப் பற்றியதன்று. மாண்டவரை இழந்த குடும்பத்தைப் பற்றியது.

அண்மையில், வலிகாமம் வடக்கின் கடலோரத்து ஊரொன்றிலே, தொண்ணூறு வயதை அணுகிய மூப்பர் ஒருவர் காலமானார். ஊரார் அனைவரும் அவரை மூப்பர் என்றே அழைத்தமையால் யானும் அப்பெயராலேயே இங்கு குறிக்கின்றேன். அவர் மக்கள் என்னிடம் கல்வெட்டுக் கேட்டனர். அவர்களுக்கு யான் கூறிய மறுமொழியை இப்பக்கத்திலே பொதுவில் வைக்க விரும்புகின்றேன். அன்னாருக்கு யாரும் புலம்பல் பாட வேண்டா. அன்னார் ஆண்டுதோறும் கோயிலிற் பாடிய புலம்பலை அச்சிடுங்கள். அச்சிடுவதோடு அமையாது அதன் மெட்டையும் காப்பாற்றுங்கள் என்பதே அம்மறுமொழி. இது ஒரு குடும்பத்தோடு முடியும் செய்தி அன்று. ஏன் அவ்வாறு கூறினேன் என்பதற்கு அவரைப் பற்றியும் அவர் இருந்த பதவியைப் பற்றியும் சிறிது சொல்லுதல் வேண்டும்.

கத்தோலிக்கக் கோயில்களிலே குருவானவருக்கு அடுத்த நிலையில் நின்று கோயிற் காரியம் நடத்தும் இல்லறத்தாரே மூப்பர். இக்காலத்தில் அது திருவிழாக் கணக்குப் பார்க்கும் பதவி போலத் தோன்றும். அதன் வேரோ மிக ஆழமானது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியதன் பின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் அகற்றப்பட்டனர். 1687இல் யோசப் வாஸ் அடிகள் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்து, சில்லாலையை இருப்பிடமாகக் கொண்டு, மறைவாகத் தொண்டாற்றினார். 2015இல் கொழும்பிலே புனிதராக உயர்த்தப்பட்டவர் அவரே. அவரும் அவர் வழிவந்த குருமாரும் எண்ணிக்கையிற் சிலர், ஊர்களோ பல. ஆதலின் குருவானவர் வந்து போன நாளுக்கும் மீண்டும் வரும் நாளுக்கும் இடையே மக்களைக் கூட்டிச் செபம் சொல்வித்தவர் மூப்பர். பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்தவர் அண்ணாவி. கூத்துப் பழக்குபவரை இன்று அண்ணாவியார் என்கின்றோமே, அதே சொல்தான். 1806இல் ஆங்கில அரசு தடைகளை நீக்கும்வரை இவ்விருவர் தோளிலேயே அச்சமயம் நின்றது. பூசை வைக்க மூப்பருக்கு உரிமை இல்லை. பாட உரிமை இருந்தது. அவ்வுரிமையை அவர்கள் நன்கு பயன்படுத்தினர் என்பதற்கு நமது மூப்பரின் மூன்று கொப்பிகளே சான்று.

முதற் கொப்பி இலத்தீன் பாட்டுக்கள். அவரது இளமையிலே பூசை இலத்தீனில் நடைபெற்றது. பாடற்குழுவினர் அம்மொழியைக் கற்றவரல்லர். செவிவழிக் கேட்டதைத் தமிழெழுத்திலே பெயர்த்தெழுதிப் பாடினர். ‘தாந்தும் எர்கோ’ என்னும் நற்கருணைப் பாட்டை அவர் எழுதியிருந்த முறையைப் பார்த்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. வல்லெழுத்து எங்கே மெலிந்தொலிக்க வேண்டும் என்பதைக் காட்ட எழுத்தின் மேல் ஒரு சிறு புள்ளி. நீட்டம் எத்தனை மாத்திரை என்பதற்குப் பக்கத்திலே கோடுகள். தமிழிலே அளபெடைக்கு இலக்கணம் கற்பிக்கும் யாம், கடற்றொழிலாளர் ஒருவர் தம் தேவைக்குத் தாமே வகுத்த இக்குறியீட்டைப் பாராட்டுதல் வேண்டும். 1963 டிசம்பர் 4ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டினை வெளியிட்டு, தாய்மொழியில் வழிபடுதற்கு வழிதிறந்தது. அப்போது அவர் இருபதுகளின் இறுதியில் இருந்தவர். இலத்தீனை இழந்ததற்கு அவர் வருந்தினாரல்லர். “விளங்கிப் பாடுறதும் விளங்காமல் பாடுறதும் ஒண்டோ பண்டிதர்?” என்று என்னைக் கேட்டவர். பழையதெல்லாம் நல்லதென்று பிடிவாதம் செய்தவராக அவரை எவரும் கருதலாகாது என்பதற்காகவே இதனைச் சொல்கின்றேன்.

இரண்டாங் கொப்பியே என் கருத்தில் விலைமதிப்பற்றது. தவக்காலத்திற் பாடும் புலம்பல்களும், அம்மானைப் பகுதிகளும், வியாகுலப் பிரசங்கத்தை வாசிக்கும் முறைக்கான குறிப்புக்களும் அதிலுள்ளன. வியாகுலப் பிரசங்கம் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இயற்றியது. அவர் கோவாவிற் பிறந்தவர். 1705இல் இலங்கைக்கு வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழியிலும் நூல் பல செய்து, 1742இற் பொலவத்தையிலே மறைந்தார். கிறிஸ்து நாதரின் பாடுகளைச் சொல்லும் அந்நூல் உரைநடையே. உரைநடையை எவ்வாறு பாடுவது? மூப்பர் வாசிக்கும்போது கேட்டிருந்தால் இவ்வினா எழாது. வாக்கியத்தின் முற்பகுதியை ஒரே சுருதியில் நிறுத்தி நடத்துவார். எழுவாயிலே சற்று மேலே ஏற்றுவார். எச்சங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு விடாது அடுக்குவார். வினைமுற்றிலே ஓசையை இறக்கி நீள இழுப்பார். அவ்விழுப்பு அடங்குமுன் பெண்கள் இருக்கும் பக்கத்திலிருந்து மறுகுரல் எழும். தமிழ் வாக்கியம் வினையில் முடிவது. அவருடைய இசையும் வினையில் முடிந்தது. வாக்கிய அமைதியைப் பாடநூலிற் படித்துச் சலிக்கும் மாணவரை ஒரு பெரிய வெள்ளியன்று அக்கோயிலின் பின்வாங்கிலில் இருத்தியிருந்தால், எழுவாய் எது, எச்சம் எது, முற்று எது என்பதைச் செவியாலேயே அறிந்திருப்பர்.

யான் சைவன். அவ்வூருக்கு ஒரு கட்டை தூரத்திலுள்ள எங்கள் கோயிலிலே கந்தபுராண படனம் நடைபெறும். ஒருவர் வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லுவார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தார் வாழ்க்கையைக் கந்தபுராண கலாசாரம் என்று குறித்தமை யாவரும் அறிந்ததே. அப்படனத்தையும் மூப்பரின் வாசிப்பையும் ஒருங்கு கேட்ட எனக்கு, இரண்டும் ஒரே காற்றிலே வளர்ந்தவை என்பதில் ஐயமில்லை. சுருதியிலே நிறுத்தும் முறை, சொல்லைப் பிரிக்கும் முறை, கேட்போர் கண்ணீர் விடும் இடத்தைச் சிறிது தாமதித்து அணுகும் முறை, எல்லாம் உறவுடையன. சமயம் இரண்டு, செவி ஒன்று. இதனை எங்கள் பக்கத்திற் சொன்னால் முகம் சுளிப்பாரும் உளர். அவர்கள் பக்கத்திலும் உளர்.

மூன்றாங் கொப்பி கூத்து. எஸ்தாக்கியார் நாடகத்தில் அவர் இளமையிலே அரச வேடம் தாங்கி, இரவு தொடங்கி விடியும்வரை ஆடியவர். பிற்காலத்திற் கால் ஒத்துழையாமையால் பிற்பாட்டுக்காரராக அமர்ந்தார். விருத்தமும் கொச்சகமும் தருவும் அவருக்கு நாவில் நின்றன. எனினும் கூத்து மேடையிலே பாடும் குரல் வேறு, கோயிலிலே பாடும் குரல் வேறு என்று மிகக் கண்டிப்பாக இருப்பார். கூத்திலே குரல் முன்னே போக வேண்டும். கோயிலிலே சொல் முன்னே போக வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆர்மோனியம் நன்கு வாசிப்பார். ஆயினும் புலம்பலுக்கு அதனைத் திறக்க மாட்டார். அம்மாதிரிப் பாட்டில் இரண்டு கட்டைகளுக்கு இடையிலே நிற்கும் ஓசைகள் உண்டு. பெட்டிக்கு அவை தெரியா என்பார். இசையாசிரியர் ஒருவர் அப்பாட்டொன்றைக் கேட்டு, புன்னாகவராளி என்று தொடங்கி, அன்று என்று திருத்தி, நாதநாமக்கிரியையின் சாயல் என்று சொல்லி, முடிவிலே கொப்பியை மூடிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதுவே சரியான செயல்.

1990 ஜூன் மாதத்திலே அக்கடலோரம் முழுவதும் இடம்பெயர்ந்தது. வலையும் வள்ளமும் வீடும் கோயிலும் கிடந்தபடி கிடந்தன. மூப்பர் எடுத்துச் சென்ற பையில் இம்மூன்று கொப்பிகளும் இருந்தன. 1995 ஒக்டோபரிலே வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அப்பை மீண்டும் அவர் தோளில் ஏறிற்று. இடையிலே, கிடுகு வேய்ந்த கொட்டிலொன்றைக் கோயிலாக்கி, மின்சாரம் இல்லாத ஊரிலே, ஒலிபெருக்கி இல்லாது தவக்காலம் தோறும் பாடினார். அக்கொட்டிலிற் கேட்டவர்கள் இன்றும் அதனைச் சொல்லிக் கண் கலங்குவர். 2017இல் அவ்வூரின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டுத் திரும்பியபோது அவர் எண்பதைக் கடந்திருந்தார். கொப்பி திரும்பி வந்தது, மறுகுரல் திரும்பவில்லை. இடம்பெயருமுன் அவர் அடியெடுக்க நாற்பது பெண்கள் பின்பாடினர் என்பர். திரும்பியபின் அவ்வாறு பாடத்தெரிந்தோர் ஆறு பேர். ஏனையோர் மன்னாரிலும், ரொறன்ரோவிலும், பாரிசிலும், கல்லறையிலும்.

இங்கே ஒன்றைக் குறித்தல் வேண்டும். தவக்காலம் வந்தால் வெளிநாட்டிலுள்ள உறவினர் தொலைபேசியிலே அழைத்து அவரைப் பாடச் சொல்லுவர். அவரும் மறுக்க மாட்டார். திண்ணையிலிருந்து இரண்டடி பாடுவார். அவ்வாறு பாடியவை பலரிடம் வாட்சப் குரற்பதிவுகளாகக் கிடக்கின்றன. ஒன்றில் நாய் குரைக்கின்றது. மற்றொன்றில் பேரப்பிள்ளை சோறு கேட்கின்றது. ஒருவரிடமுள்ளது மற்றொருவரிடம் இல்லை. ஏடு முந்நூறு ஆண்டு தாங்கும். கைத்தொலைபேசி மூன்று ஆண்டு தாங்குதல் அரிது. அவற்றைத் திரட்டுவதே முதற்பணி என்று மக்களுக்குச் சொன்னேன்.

இனி, இத்தகைய பாட்டுக்களுக்கு இரு திசையிலிருந்தும் வரும் எதிர்ப்பைக் கருதுவோம்.

பண்டிதர்களிற் சிலர், இவை கொச்சை, இலக்கியத்தின்பாற் படா என்பர். காரணம் கேட்டால், சந்தியோகு, எம்பரதோர், இஸ்பிரீத்து சாந்து என்று அந்நியச் சொற்கள் மலிந்துள்ளன என்பர். போர்த்துக்கேயர் காலத்திலே, 17ஆம் நூற்றாண்டில், சந்தியோகுமையோர் அம்மானையும் ஞானப்பள்ளும் நம்மிடையே எழுந்தன. சந்தியோகுமையோர் என்பது பெரிய யாகப்பரைக் குறிக்கும் போர்த்துக்கேயப் பெயரின் தமிழ் வடிவம். எம்பரதோர் என்றால் பேரரசன். இவற்றைத் திசைச்சொல் என்று கொள்வதற்கு நம் இலக்கணத்திலே இடமுண்டு. மேலும், கதிரையில் இருந்து, மேசைமேற் புத்தகத்தை விரித்து, யன்னலைத் திறந்து, அலுமாரிச் சாவியைத் தேடிக்கொண்டே எம்பரதோரைக் கொச்சை என்பவரைப் பார்த்து நகைப்பதன்றி வேறென் செய்வது? அவ்வைந்து சொல்லும் அதே கப்பலில் வந்தவையே. நாவலர் பெருமான் பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத்தைத் தமிழாக்கத் துணைநின்றவர். சமயத்தில் ஒருசிறிதும் விட்டுக்கொடாத அவருக்கே தமிழ் என்ற அளவில் அப்பணி விலக்காயிற்றில்லை.

கோயிற் பக்கத்தாரின் எதிர்ப்பு இதனினும் நுட்பமானது. அவர்கள் பாட்டைத் தள்ளவில்லை, திருத்துகின்றனர். சங்கத்திற்குப் பின் வந்த மாற்றங்களாலும், 1995இல் கத்தோலிக்கரும் ஏனைய திருச்சபையாரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பாலும் பெயர்கள் மாறின. இராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார், அருளப்பர் யோவானானார், சேசு என்பது இயேசு ஆயிற்று. சபைகள் ஒன்றுபடுவதற்கு இது நன்று. வேதநூலிலே மாற்றியதை யான் குறை கூறேன். ஆயின் பழைய பாட்டிற்குள்ளும் அதே மாற்றத்தைப் புகுத்தியபோது நேர்ந்ததைச் சொல்லுதல் என் தொழிற்கடன்.

சேசு என்பது நேர்நேர், தேமா. இயேசு என்பது நிரைநேர், புளிமா. நேரசை நின்ற இடத்திலே நிரையசை வந்து நிற்கத் தாளம் இடறுகின்றது. அதனினும் பெரிது மோனை. சேசு என்று தொடங்கும் அடியில் மூன்றாஞ் சீர் சிலுவை என்றோ செந்நீர் என்றோ வந்தால், அது பொழிப்பு மோனை. இயேசு என்று மாற்றிய கணமே அம்மோனை அறுந்துவிடுகின்றது. பாடியவர் அதனைக் கருதியே பாடினார். திருத்தியவர் அதனைக் கருதினாரில்லை. திருவிழாவொன்றுக்குப் புதிதாக அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தில் இவ்வாறு எல்லா இடத்தும் மாற்றியிருந்தார்கள். மூப்பர் சண்டை பிடிக்கவில்லை. அச்சில் இயேசு என்றிருக்க, இகரத்தை விழுங்கி யேசு என்று பாடினார். அசை காப்பாற்றப்பட்டது. மோனையைக் காப்பாற்ற வழியில்லை. பின்பு என்னிடம், “அந்த ரெண்டு சொல்லும் முந்திக் கைகோத்து நிண்டது பண்டிதர். இப்ப ஒண்டு தனிச்சுப் போச்சு” என்றார். யாப்பருங்கலக் காரிகை கற்றவரல்லர் அவர். மோனைக்கு இதனினும் நல்ல விளக்கம் யான் வகுப்பிற் கொடுத்ததில்லை. இப்போது இதனையே கொடுத்து வருகின்றேன்.

இளைஞருக்கு விசைப்பலகையும் விரைந்த தாளமும் வேண்டும், பழைய இழுப்புப் பாட்டு அவர்களைக் கோயிலை விட்டு ஓட்டிவிடும் என்பாரும் உளர். இளைஞர் விரைந்த பாட்டைப் பாடட்டும், யார் தடுத்தார்? ஞாயிறுதோறும் பாட ஐம்பது வாரம் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு மணிநேரம் பழைய புலம்பலுக்குக் கொடுத்தால் குடி முழுகிப் போகாது. இடம்பெயர்ந்த கொட்டிலிலே பத்து வயதிற் கேட்டவர்களே இன்று பாரிசிலிருந்து பாடச் சொல்லி அழைத்தவர்கள் என்பதை இவர்கள் மறக்கின்றனர்.

மூன்றாவதாக ஒரு கூற்று உண்டு. அதுவே மயக்கம் தருவது. நூல்கள் அச்சாகிவிட்டன, இனி இழப்பில்லை என்பதே அது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களிலே மன்னார்ப் பகுதியின் என்றீக் எம்பரதோர் நாடகம், மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் ஆகியவற்றைப் பதிப்பித்தார்கள். அப்பணி இல்லையேல் அப்பிரதிகள் கறையானுக்கு இரையாகியிருக்கும். ஆயின் பதிப்பிலே தரு என்று தலைப்பிட்டுப் பாட்டு அச்சிடப்பட்டிருந்தால், அத்தருவின் மெட்டை அறிய இன்றும் அண்ணாவியாரையே தேடிப்போக வேண்டியிருக்கின்றது. இசைக்கென்று எழுந்த பாட்டில் எழுத்து பாதி. மூப்பர் தம் இரண்டாங் கொப்பியை என்னிடம் பார்க்கத் தந்தபோது, “இதிலை இருக்கிறது சொல்லுத்தான் பண்டிதர். எந்த இடத்திலை மூச்சு விடுறதெண்டு இதிலை இல்லை” என்றார். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டிலே மூச்சு எங்கே விடவேண்டும் என்பதைக் கயிறு தீர்மானிக்கும்; புலம்பலிலே அதனைப் பின்பாடும் பெண்கள் தீர்மானிப்பர் என்றும் சொன்னார். ஒன்றின் பழக்கமே மற்றதற்கு உதவிற்றாம். கரைவலைக் கயிற்றை இன்று உழவு இயந்திரங்கள் இழுக்கின்றன; அம்பாவும் போயிற்று. புலம்பலின் மூச்சுக்கு ஆதாரமாயிருந்தவற்றில் ஒன்று ஏற்கெனவே அறுந்துவிட்டது.

ஆதலின் என் வேண்டுகோள் கல்வெட்டுப் பாடும் பண்டிதர்களுக்கும், கல்வெட்டு அச்சிடும் குடும்பத்தாருக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும் உரியது. சைவர் கல்வெட்டிலே திருமுறைப் பாக்கள் சேர்த்து அச்சிடுதல் நெடுநாள் வழக்கம். கந்தசட்டி கவசம் சேர்ப்பாரும், வம்சாவளி மரம் சேர்ப்பாரும் உளர். கோயிலுக்குப் பாடிய ஒருவர் மறைந்தால், அவர் எந்தச் சமயத்தவராயினும், அவர் பாடியவற்றை அவர் பாடியபடியே, திருத்தாது அச்சிடுக. சேசு என்றிருந்தால் சேசு என்றே இருக்கட்டும். அடிக்குறிப்பிலே இன்ன பாட்டு இன்ன நாளில், ஊர்வலத்திலோ கோயிலுக்குள்ளோ, முன்பாடுபவர் யார் பின்பாடுபவர் யார் என்று எழுதுக. ஒலிப்பதிவு ஒன்றையாவது உடன் வைக்க வழியுண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் நம்மவர் நினைவு மலர்களையெல்லாம் மின்வடிவாக்கி எவரும் படிக்க வைத்திருக்கின்றது, ஒலிகளையும் ஏற்கின்றது. அங்கே கொடுத்து வைத்தால் தொலைபேசி பழுதானாலும் குரல் பழுதாகாது.

புலம்பலையே தொழிலாகப் பாடிக் கொடுக்கும் ஒருவன் புலம்பல் வேண்டா என்று சொல்வது தன் பிழைப்பிலே தான் மண்ணள்ளிப் போடுவதாகாதா என்று நண்பரொருவர் வினவினார். ஆகாது. திதி வெண்பா ஒன்று பாடிக் கொடுத்திருக்கின்றேன். அது நாள் அறிவதற்கு வேண்டும். மனைவி புலம்பலுக்கு அங்கே இடமேயில்லை. அவ்வம்மையார் ஆறு பின்பாட்டுக்காரருள் ஒருவர். தம் கணவரின் நல்லடக்கத்தன்று, அவர் அடியெடுக்காத பாட்டைத் தாமே அடியெடுத்துப் பாடினார். அத்தகையவர் வாயிலே நான் கட்டிய கொச்சகத்தைத் திணிப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

உயர்தர வகுப்பிலே தமிழும் இசையும் நாடகமும் கற்கும் மாணவர் பலர் உளர். ஒப்படை என்ற பெயரால் அவர்கள் இணையத்திலிருந்து பெயர்த்தெழுதுவதை ஆசிரியர் நாம் அறிவோம். அதற்குப் பதிலாக, ஊருக்கொரு மூப்பரையோ அண்ணாவியாரையோ புராணம் படிப்பவரையோ ஒருமுறை உட்கார்ந்து கேட்டு எழுதச் சொல்லலாம். ஒலிப்பதிவு செய்யும் கருவி ஒவ்வொரு மாணவர் சட்டைப்பையிலும் உள்ளது. கேட்கச் செல்லுமுன் சேசு, சூசையப்பர், இஸ்பிரீத்து சாந்து முதலிய சொற்களைக் கேட்டு நகையாதிருக்கக் கற்பித்து அனுப்புதல் ஆசிரியர் கடன்.

மூப்பரின் மக்கள் இணங்கினர். இரண்டாங் கொப்பியிலிருந்து பதினொரு பாட்டுக்கள் அச்சுக்குச் சென்றுள்ளன. அவற்றுள் எட்டின் மெட்டு, ஆறு பெண்களின் குரலாலும் திரட்டிய தொலைபேசிப் பதிவுகளாலும் கிடைத்துவிட்டது. இரண்டின் மெட்டு அவரோடு போயிற்று. எஞ்சிய ஒன்று, பேசாலைக்கு மணமாகிப் போன மூதாட்டி ஒருவருக்குத் தெரியும் என்று கேள்வியுற்று மாணவர் இருவரை அனுப்பினேன். அவர் அன்போடு தேநீர் கொடுத்தார். பாட்டுத் தெரியும் என்றும் சொன்னார். பாட மட்டும் மறுத்துவிட்டார். தவக்காலத்திற் பாட வேண்டியதை மற்றக் காலத்திற் பாடலாகாதாம். வரும் விபூதிப் புதனுக்கு மறுநாள் வருகின்றோம் என்று சொல்லி மாணவர் திரும்பியிருக்கின்றனர்.